இதயத்தின் எல்லைக்கோடு: கணிப்பொறி வரையும் விதம்

முன்னுரை

மனித உடலைக் கீறாமல் அதன் உள்ளே இருப்பதைக் காண வேண்டும் என்பது மருத்துவர்களின் நெடுநாள் வேட்கை. 1895ஆம் ஆண்டு ராண்ட்ஜென் எக்ஸ் கதிர்களைக் கண்டறிந்தபோது அவ்வேட்கை முதன்முறையாக நிறைவேறியது. 1971இல் இங்கிலாந்தில் ஹவுன்ஸ்ஃபீல்டு அமைத்த சி.டி. ஸ்கேன் கருவி, நோயாளி ஒருவரின் மூளையைக் குறுக்குவெட்டாகக் காட்டியது. 1973இல் லாட்டர்பர், காந்தப் புலத்தைக் கொண்டு படம் எடுக்கும் முறையை வெளியிட்டார். அதுவே இன்று எம்.ஆர்.ஐ. என வழங்குகிறது. இம்மூன்று பணிகளும் முறையே 1901, 1979, 2003 ஆகிய ஆண்டுகளில் நோபல் பரிசு பெற்றன.

ஆனால் ஒன்றை நாம் நினைவிற்கொள்ள வேண்டும். ஸ்கேன் படம் உடலைக் காட்டுமே தவிர, அளந்து சொல்லாது. கருவி தருவது வெளிறியும் கறுத்தும் தோன்றும் சாம்பல் நிறப் புள்ளிகளை மட்டுமே. அப்புள்ளிகளுள் எவை இரத்தம், எவை இதயத் தசை, எவை நுரையீரல் என்று யாரேனும் பிரித்துக் கோடு போட்டாக வேண்டும். இவ்வாறு பிரிப்பதையே பகுதி பிரித்தல் என்கிறோம். இதனை மருத்துவர் கையால் செய்துவந்தார். இன்று கணிப்பொறியும் செய்கிறது. அஃது எவ்வாறு செய்கிறது, அதனை எந்த அளவுக்கு நம்பலாம் என்பவற்றை இக்கட்டுரையில் காண்போம்.

நம் ஊர்த் தலவரலாறு ஒன்று இங்கு நினைவுக்கு வருகிறது. தொண்டைமான் மன்னனின் யானை முல்லைக் கொடியில் சிக்கிக்கொண்டது. கொடியை அறுக்க மன்னன் வாளை வீச, உள்ளே மறைந்திருந்த சிவலிங்கத்தின்மீது வெட்டுப் பட்டுக் குருதி பெருகியது என்பது மாசிலாமணீசுவரர் கோயிலின் புராணம். கொடி எங்கே முடிகிறது, அதன் உள்ளே இருப்பது எங்கே தொடங்குகிறது என்று அறியாமல் வெட்டினால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடச் சிறந்த உவமை வேண்டுவதில்லை. இதயப் படத்தில் கோடு வரைவோரின் சிக்கலும் இதுவே.

இதயத்தின் அமைப்பு

இதயத்திற்கு நான்கு அறைகள் உண்டு என்பதைப் பள்ளிப் பாடத்திலேயே படித்திருக்கிறோம். மேலறைகள் இரண்டும் இரத்தத்தைப் பெறுபவை. கீழறைகள் இரண்டும் இரத்தத்தை வெளியேற்றுபவை. வலது கீழறை நுரையீரலுக்கும், இடது கீழறை உடல் முழுவதற்கும் இரத்தத்தை அனுப்புகின்றன. தொலைவு மிகுதியாதலின் இடது கீழறையின் சுவர் தடிப்பானது; ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் இருக்கும். வலது கீழறையின் சுவரோ அதில் மூன்றில் ஒரு பங்கு அளவே. குறுக்காக வெட்டிப் பார்த்தால் இடது கீழறை வட்டமாகவும், வலது கீழறை அதனை அணைத்துக்கொண்ட பிறைபோலவும் தோன்றும்.

படம் எடுப்பவர்கள் பெரிதும் கவனிப்பவை மூன்று: இடது கீழறையின் உட்புறம், அதனைச் சுற்றிய தசைச் சுவர், வலது கீழறையின் உட்புறம். வட்டத்தைக் கண்டறிவது எளிது; பிறையைக் கண்டறிவது கடினம். மேலும், இடது கீழறையின் உட்சுவர் வழுவழுப்பானதன்று. சிறு தசை மேடுகளும், வால்வுகளை இழுத்துப் பிடிக்கும் தசைத் தூண்களும் உள்ளே நீட்டிக்கொண்டிருக்கும். அவற்றைத் தசையோடு சேர்ப்பதா, இரத்தத்தோடு சேர்ப்பதா என்பதில் மருத்துவர்களே இருவகையாக நடப்பதுண்டு. கணிப்பொறிக்குக் கற்பிக்கும் முன்னரே இதனை முடிவு செய்துகொள்ள வேண்டும்.

படம் எடுக்கும் முறை

எம்.ஆர்.ஐ. கருவிக்குள் படுத்திருக்கும் நோயாளியிடம் சில நொடிகள் மூச்சை அடக்கிக்கொள்ளச் சொல்வார்கள். இதயத் துடிப்பின் மின் அலையைப் பின்பற்றி, ஒரு துடிப்பின் பல நிலைகளையும் கருவி படமாக்கும். ஒரு துடிப்பைச் சுமார் 30 படங்களாகப் பிரித்து, சினிமாச் சுருள்போல ஓட்டிப் பார்க்கலாம். இதுபோன்ற சுருள் ஒன்று மட்டும் போதாது. வெள்ளரிக்காயை வட்ட வட்டமாக அரிவதுபோல, இதயத்தின் அடிப்பகுதியிலிருந்து நுனிவரை பல அடுக்குகளாகப் படம் எடுப்பார்கள். அடுக்குகளுக்கு இடையே பொதுவாக 5 முதல் 10 மில்லிமீட்டர் தொலைவு இருக்கும்.

ஆக, ஒரு நோயாளிக்குப் பத்து அடுக்கு, அடுக்கொன்றுக்கு முப்பது நிலை எனக் கொண்டால் 300 படங்கள். இவை அனைத்திலும் மூன்று பகுதிகளையும் கையால் வரைவது எவர்க்கும் இயலாத செயல். எனவே இதயம் முற்றும் விரிந்த நிலை, முற்றும் சுருங்கிய நிலை ஆகிய இரண்டை மட்டும் தேர்ந்து வரைவது வழக்கம். அதற்கே மருத்துவரின் பொன்னான நேரம் நெடிது செலவாகும். கணிப்பொறியின் தேவை இங்கேதான் பிறந்தது.

கோட்டிலிருந்து எண் பிறக்கும் விதம்

வரைந்த கோடு எதற்குப் பயன்படுகிறது? ஒரு கணக்கைப் பார்ப்போம்.

படத்தின் ஒவ்வொரு புள்ளியும் உடலில் ஒரு சிறு சதுரத்தைக் குறிக்கும். அச்சதுரத்தின் பக்கம் 1.5 மில்லிமீட்டர் எனக் கொள்வோம். அதன் பரப்பு 2.25 சதுர மில்லிமீட்டர். ஓர் அடுக்கில் இடது கீழறையின் உட்புறமாக 900 புள்ளிகள் குறிக்கப்பட்டால், பரப்பு 2,025 சதுர மில்லிமீட்டர். அடுக்குகளின் இடைவெளி 10 மில்லிமீட்டர் என்றால், அந்த அடுக்கின் கன அளவு 20,250 கன மில்லிமீட்டர். அதாவது சுமார் 20 மில்லிலிட்டர். இவ்வாறே எல்லா அடுக்குகளையும் கூட்டினால் அறையின் முழுக் கொள்ளளவு கிடைத்துவிடும்.

விரிந்த நிலையின் கொள்ளளவிலிருந்து சுருங்கிய நிலையின் கொள்ளளவைக் கழித்தால், ஒரு துடிப்பில் வெளியேறும் இரத்தத்தின் அளவு கிடைக்கும். அதனை விரிந்த நிலையின் கொள்ளளவால் வகுத்து நூறால் பெருக்கினால் வருவதே வெளியேற்ற விழுக்காடு. மருத்துவமனைகளில் இதனைச் சுருக்கமாக இ.எஃப். என்பார்கள். நலமான இதயத்தில் இது ஏறத்தாழ 50 முதல் 70 விழுக்காடு வரை இருக்கும். நம் வீட்டுப் பெரியவர்களின் எக்கோ அறிக்கைகளில் இந்த எண்ணை நம்மில் பலர் பார்த்திருப்போம்.

இதய நோய் மருத்துவத்தில் இந்த ஒரே எண்ணைக் கொண்டு பல முடிவுகள் எடுக்கப்படுகின்றன. எடுத்துக்காட்டாக, இதயம் திடீரெனத் தாறுமாறாகத் துடிக்கத் தொடங்கும்போது மின்னதிர்ச்சி தந்து அதனைச் சீராக்கும் சிறு சாதனம் ஒன்றை மார்பினுள் பொருத்துவது உண்டு. யாருக்குப் பொருத்தலாம் என்று கூறும் மருத்துவ நெறிகளில் 35 விழுக்காடு என்பது முக்கியமான வரம்பு. நோயாளியின் அறிகுறிகள், அதற்கு முன் பெற்ற மருந்து ஆகியவற்றையும் மருத்துவர் ஆராய்வார். எனினும் அந்த எண் 35க்கு மேலா கீழா என்பது பெரிய வேறுபாடு.

ஒரு மில்லிமீட்டரின் விலை

அம்பத்தூர் தொழிற்பேட்டையின் லேத்துப் பட்டறையில் ஒரு மில்லிமீட்டர் என்பது மன்னிக்க முடியாத பிழை, பொருளே தள்ளுபடியாகிவிடும். இதயப் படத்தில் ஒரு மில்லிமீட்டர் பிழை என்ன செய்யும் என்பதைக் கணக்கிட்டுப் பார்ப்போம்.

எளிமைக்காக இடது கீழறையை ஒரு கோளமாகக் கொள்வோம். உண்மையில் அது நீண்ட முட்டை வடிவினது. ஆயினும் கணக்கின் போக்கை அறியக் கோளம் போதும். விரிந்த நிலையில் ஆரம் 35 மில்லிமீட்டர் என்றால் கொள்ளளவு 179.6 மில்லிலிட்டர். சுருங்கிய நிலையில் ஆரம் 30 மில்லிமீட்டர் என்றால் கொள்ளளவு 113.1 மில்லிலிட்டர். எனவே இ.எஃப். 37 விழுக்காடு.

இப்போது சுருங்கிய நிலையின் கோட்டை மட்டும் ஒரு மில்லிமீட்டர் வெளியே தள்ளி வரைந்துவிட்டதாகக் கொள்வோம். ஆரம் 31 மில்லிமீட்டர், கொள்ளளவு 124.8 மில்லிலிட்டர், இ.எஃப். 30.5 விழுக்காடு! நோயாளி அதே நோயாளி. இதயம் அதே இதயம். கோடு மட்டுமே நகர்ந்தது. அவர் 35 என்னும் வரம்பின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்திற்குச் சென்றுவிட்டார்.

இங்கு மற்றொன்றையும் கவனித்தல் வேண்டும். இரு நிலைகளிலும் கோட்டை ஒரு மில்லிமீட்டர் உள்ளே தள்ளி வரைந்தால், ஆரங்கள் 34, 29 என ஆகும். இ.எஃப். 37.9 விழுக்காடு. அதாவது கொள்ளளவுகள் தவறினாலும் விழுக்காடு பெரிதும் மாறவில்லை. ஒரே திசையில் நிகழும் பிழை ஓரளவு தன்னைத் தானே சரிசெய்துகொள்கிறது. இரு நிலைகளில் இருவிதமாக நிகழும் பிழையே ஆபத்தானது. சுருங்கிய நிலையில் அறை சிறுத்து, தசை மேடுகள் ஒன்றோடொன்று நெருங்கிவிடுவதால், கணிப்பொறிகள் பொதுவாக அந்நிலையில்தான் மிகுதியாகத் தடுமாறுகின்றன என்பது இங்கு நினைக்கத்தக்கது.

கணிப்பொறி கற்ற வழி

முதல் முறை மிக எளியது. இரத்தம் வெண்மையாகவும் தசை கருமையாகவும் தெரிகின்றன அல்லவா? குறிப்பிட்ட ஒளிர்வுக்கு மேற்பட்ட புள்ளிகளெல்லாம் இரத்தம், கீழ்ப்பட்டவை தசை எனப் பிரித்துவிடலாம். அந்த வரம்பு ஒளிர்வைப் படமே தீர்மானிக்கும்படி செய்யும் கணக்கினை 1979இல் ஜப்பானியரான ஓட்சு வெளியிட்டார். ஆனால் வலது கீழறையில் உள்ளதும் இரத்தமே. பெரிய இரத்தக் குழாய்களில் உள்ளதும் இரத்தமே. ஒளிர்வை மட்டும் கொண்டு எது எந்த அறை என்று கூற முடியாது.

இரண்டாவது முறையைக் காஸ், விட்கின், டெர்சோபுலோஸ் ஆகிய மூவர் 1980களின் இறுதியில் வெளியிட்டனர். ஒரு ரப்பர் வளையத்தைப் படத்தின்மேல் போடுவதாக எண்ணிக்கொள்ளுங்கள். ஒளிர்வு திடீரென மாறும் இடம் அவ்வளையத்தைத் தன்பால் இழுக்கும். வளையத்தின் விறைப்பு அதனை அதிகம் வளையவிடாமல் தடுக்கும். இரண்டும் சமநிலை அடையும் இடத்தில் வளையம் நின்றுவிடும். அதுவே எல்லைக்கோடு. வளையம் நெளிந்து நெளிந்து நகர்வதால் இதற்குப் பாம்பு என்றே பெயரிட்டனர். தொடக்கத்தில் வளையத்தைச் சரியான இடத்தில் போடாவிட்டால் பாம்பு வேறு புற்றில் நுழைந்துவிடும் என்பது இதன் குறை.

மூன்றாவது முறை, வடிவத்தை முன்கூட்டியே கற்பிப்பது. பல இதயங்களின் எல்லைக்கோடுகளைத் திரட்டி, அவற்றின் சராசரி வடிவத்தையும், அவ்வடிவம் எவ்வெவ்வாறு மாறக்கூடும் என்பதையும் கணக்கிட்டு வைத்துக்கொள்வர். புதிய படத்தில் அந்த எல்லைக்குள் மட்டுமே வடிவம் மாற இடமளிப்பர். 1995இல் இங்கிலாந்தின் கூட்ஸ், டெய்லர் முதலியோர் இதனை வகுத்தளித்தனர். இதயம் இதயத்தைப் போலவே இருக்க வேண்டும் என்னும் அறிவு இங்கே கணிப்பொறிக்கு முதன்முறையாக ஊட்டப்பட்டது எனலாம்.

நான்காவது முறையே இன்று பெருவழக்காக உள்ள நரம்பு வலைப்பின்னல் முறை. இதில் விதிகளை நாம் எழுதித் தருவதில்லை. மருத்துவர் கோடு வரைந்த படங்களைக் கணிப்பொறியின்முன் வைக்கிறோம். அது தன் விருப்பம்போல் ஒரு கோடு வரைகிறது. மருத்துவரின் கோட்டிற்கும் அதன் கோட்டிற்கும் உள்ள வேறுபாட்டைக் கணக்கிட்டு, அவ்வேறுபாடு குறையும்படி தன்னுள் இருக்கும் இலட்சக்கணக்கான எண்களைச் சிறிது சிறிதாகத் திருத்திக்கொள்கிறது. குழந்தை அரிச்சுவடியில் எழுத்தின்மேல் எழுதிப் பழகுவதைப் போன்றதே இது.

2015இல் ஜெர்மனியின் பிரைபுர்க் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரோன்னெபெர்கர், பிஷர், புரோக்ஸ் ஆகியோர் யூ-நெட் என்னும் வலைப்பின்னலை வெளியிட்டனர். அது படத்தைப் படிப்படியாகச் சுருக்கி, முழுமையில் எது எங்கே இருக்கிறது என்பதை முதலில் அறிந்துகொள்கிறது. பின்னர் படிப்படியாக விரித்து, ஒவ்வொரு புள்ளியும் எதனைச் சேர்ந்தது என்று முடிவு செய்கிறது. சுருக்கும்போது இழந்த நுணுக்கங்களை, விரிக்கும்போது குறுக்கு வழிகளின் மூலம் மீண்டும் பெறுகிறது. மலைமேல் ஏறி ஊரின் அமைப்பைப் பார்த்துவிட்டு, இறங்கி வந்து வீட்டு எண்ணைத் தேடுவதற்கு இதனை ஒப்பிடலாம்.

கிண்டியில் நடந்த பணி

இத்துறையில் உலகம் அறிந்த பணி ஒன்று நமக்கு வெகு அருகில் நடந்துள்ளது. நம் நிலையத்தில் மின்தொடர் வண்டி ஏறினால் வழியில் வரும் பெரம்பூரில்தான், 1975இல் டாக்டர் கே. எம். செரியன் ரயில்வே மருத்துவமனையில் இந்தியாவின் முதல் பைபாஸ் இதய அறுவையைச் செய்தார். சென்ட்ரலில் இறங்கிப் பூங்கா நிலையத்தில் வண்டி மாறிக் கிண்டிக்குச் சென்றால், அதனை அடுத்துள்ளது சென்னை ஐ.ஐ.டி. அங்குள்ள பொறியியல் வடிவமைப்புத் துறையைச் சேர்ந்த மகேந்திர கேனெட், வர்கீஸ் அலெக்ஸ், கணபதி கிருஷ்ணமூர்த்தி ஆகியோர் 2017இல் ஏ.சி.டி.சி. என்னும் அனைத்துலகப் போட்டியில் கலந்துகொண்டனர்.

பிரான்சு நாட்டின் திஜோன் பல்கலைக்கழக மருத்துவமனையில் எடுக்கப்பட்ட 150 பேரின் எம்.ஆர்.ஐ. படங்களே போட்டிக்கான பொருள். நலமானவர்கள், மாரடைப்பு வந்து இதயத் தசை பழுதுற்றவர்கள், இதயம் விரிவடைந்தவர்கள், சுவர் மிகைத் தடிப்பு அடைந்தவர்கள், வலது கீழறை பழுதுற்றவர்கள் என ஐந்து வகையினர். வகைக்கு 30 பேர். 100 பேரின் படங்கள் மருத்துவரின் கோடுகளோடு பயிற்சிக்குத் தரப்பட்டன. மீதி 50 பேரின் விடைகள் மறைத்து வைக்கப்பட்டன. தேர்வுத்தாள் வெளியாகாமல் காப்பதற்கு ஒப்பானது இது.

சென்னைக் குழுவினரின் முறையில் நம் கவனத்தைக் கவரும் கருத்து ஒன்று உண்டு. மார்புப் படத்தில் இதயம் எங்கே இருக்கிறது என்பதை முதலில் கண்டாக வேண்டும். மார்பில் துடிப்பது இதயமே. எலும்பும் தசையும் அசையாமல் இருக்கின்றன. எனவே எந்தப் புள்ளிகளின் ஒளிர்வு துடிப்போடு சேர்ந்து ஏறி இறங்குகிறது என்பதை ஃபூரியர் கணக்கின் உதவியால் அறிந்தனர். பின்னர் அங்குள்ள வட்ட வடிவத்தை ஹஃப் உருமாற்றம் என்னும் கணக்கின் உதவியால் தேடி, இடது கீழறையின் நடுப்பகுதியைக் கண்டனர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் வெப்பம் பரவுவதைப் பற்றி ஆராய்ந்த ஃபூரியரின் கணிதம், நம் காலத்தில் நோயாளியின் இதயம் இருக்கும் இடத்தைச் சுட்டுகிறது! கணிதத்தால் என்ன பயன் என்று வினவும் நண்பர்களுக்கு இதனினும் நல்ல விடை இல்லை.

இதயத்தைச் சுற்றிய பகுதியை மட்டும் வெட்டியெடுத்து, சிக்கனமாக அமைத்த வலைப்பின்னலுக்குக் கொடுத்து மூன்று பகுதிகளையும் பிரித்தனர். அதிலிருந்து கொள்ளளவு, இ.எஃப்., சுவரின் தடிப்பு முதலிய எண்களைக் கணக்கிட்டு, அவற்றைக் கொண்டு நோயின் வகையையும் கணிப்பொறியே கூறும்படி செய்தனர். மாரடைப்பால் பழுதுற்ற இதயம், விரிவடைந்த இதயம் ஆகிய இரண்டிலும் இ.எஃப். குறைந்தே காணப்படும், ஆதலின் குழப்பம் நேரும். ஆனால் மாரடைப்பில் இரத்த ஓட்டம் தடைப்பட்ட பகுதியின் சுவர் மட்டும் மெலிந்துவிடும். விரிவடைந்த இதயத்தில் இத்தகைய ஏற்றத்தாழ்வு குறைவு. எனவே சுவர்த் தடிப்பின் ஏற்றத்தாழ்வை ஆராயும் இரண்டாம் படி ஒன்றை அமைத்து அக்குழப்பத்தைத் தீர்த்தனர். சரியான எல்லைக்கோடு இல்லையேல் இந்த எண்கள் எவையும் இல்லை என்பதை நாம் உணர வேண்டும்.

2019இல் மெடிக்கல் இமேஜ் அனாலிசிஸ் என்னும் ஆய்விதழில் வெளியான இவர்களின் கட்டுரைப்படி, பகுதி பிரித்தலில் இரண்டாம் இடமும், நோய் வகையறிதலில் முதல் இடமும் கிடைத்தன. மறைத்து வைக்கப்பட்ட 50 பேரின் நோய் வகையும் சரியாகக் கூறப்பட்டது. அதாவது நூற்றுக்கு நூறு. ஆயினும் 50 என்பது சிறிய எண்ணிக்கை என்பதை அவர்களே தங்கள் கட்டுரைச் சுருக்கத்தில் குறிப்பிட்டுள்ளனர். வெற்றியை விடவும் அவ்வடக்கம் போற்றத்தக்கது.

மதிப்பெண் இடும் முறை

கணிப்பொறியின் கோட்டிற்கு எவ்வாறு மதிப்பெண் இடுவது? 1945இல் டைஸ் என்னும் உயிரியலறிஞர், இரு உயிரினங்கள் எந்த அளவுக்குச் சேர்ந்து வாழ்கின்றன என்பதை அளக்க ஒரு வாய்பாடு தந்தார். அதுவே இங்கும் பயன்படுகிறது. இரண்டு கோடுகளுக்குள்ளும் பொதுவாக அமைந்த புள்ளிகளின் எண்ணிக்கையை இரண்டால் பெருக்கி, இரண்டின் புள்ளிகளையும் கூட்டி வரும் தொகையால் வகுக்க வேண்டும். முற்றும் பொருந்தினால் 1. சிறிதும் பொருந்தாவிடில் 0.

நாம் முன்னர்க் கண்ட 900 புள்ளி வட்டத்தையே எடுத்துக்கொள்வோம். அதன் ஆரம் ஏறத்தாழ 17 புள்ளிகள். கணிப்பொறி சுற்றிலும் ஒரே ஒரு புள்ளி உள்ளே தள்ளி வரைந்தால், ஏறத்தாழ 797 புள்ளிகளே தேறும். டைஸ் எண் எவ்வளவு? 1,594ஐ 1,697ஆல் வகுக்க 0.94. தேர்வில் 94 மதிப்பெண் என்றால் நாம் மகிழ்ந்துபோவோம்! ஆனால் பரப்பில் குறைந்தது 103 புள்ளிகள்; அதாவது ஏறத்தாழ 11 விழுக்காடு. ஆகவே டைஸ் எண் மட்டும் போதாது, கொள்ளளவும் இ.எஃப்.உம் எவ்வளவு பிழைபட்டன என்பதையும் கேட்டறிதல் வேண்டும்.

வரைபடத் தாளில் இதனை நீங்களே செய்து பார்க்கலாம். 17 கட்ட ஆரமுள்ள வட்டத்தையும், அதே மையத்தில் 16 கட்ட ஆரமுள்ள வட்டத்தையும் வரைந்து, உள்ளே அமையும் கட்டங்களை எண்ணுங்கள். பின்னர் 12 கட்ட ஆரம், 11 கட்ட ஆரம் எனச் சிறிய வட்டங்களை வரைந்து எண்ணுங்கள். முதலில் 11 விழுக்காட்டை ஒட்டியிருந்த இழப்பு, சிறிய வட்டத்தில் 16 விழுக்காடாக உயர்வதைக் காண்பீர்கள்.

யாருடைய இதயம்?

இவ்வெளிய பயிற்சியில் பெரியதோர் உண்மை அடங்கியுள்ளது. ஒரே ஒரு புள்ளிப் பிழை பெரிய இதயத்தைவிடச் சிறிய இதயத்தில் அதிகத் தீங்கு செய்கிறது. உடல் சிறுத்தவர்கள், பெண்கள், குழந்தைகள் ஆகியோரின் இதயம் பொதுவாகச் சிறியது. கணிப்பொறி பெரிய இதயங்களையே பார்த்துப் பழகியிருந்தால், சிறிய இதயத்தில் அதன் கை மேலும் தடுமாறக்கூடும்.

இஃது ஊகம் மட்டுமன்று. 2020இல் ஸ்பெயின், கனடா, ஜெர்மனி ஆகிய நாடுகளின் மருத்துவமனைகளிலிருந்து, நான்கு நிறுவனங்களின் கருவிகளால் எடுத்த 375 பேரின் படங்களைக் கொண்டு மற்றொரு போட்டி நடந்தது. பயிற்சியில் பார்த்திராத நிறுவனத்தின் கருவியால் எடுத்த படங்களில் கணிப்பொறிகளின் திறம் குறைவது அங்கே தெளிவாயிற்று. 2021இல் இலண்டன் கிங்ஸ் கல்லூரியைச் சேர்ந்த ஆய்வாளர்கள், பிரிட்டனில் திரட்டப்பட்ட 5,903 பேரின் இதயப் படங்களை ஆராய்ந்தனர். வெள்ளையரே பெரும்பான்மையாக அமைந்த தொகுப்பில் பயின்ற வலைப்பின்னல், ஏனைய இனத்தவரின் இதயங்களில் குறைந்த டைஸ் எண்ணையே பெற்றது. கணிப்பொறிக்கு விருப்பு வெறுப்பு இல்லை. ஆனால் அது யாருடைய இதயத்தைப் பார்த்துப் பயின்றதோ, அவருக்கே நன்றாகப் பணி செய்கிறது.

நம் சென்னைக் குழுவின் வெற்றியும் திஜோன் நகர மக்களின் இதயங்களைக் கொண்டு பெற்றதே. இது குழுவின் குறையன்று. மருத்துவர்கள் கோடு வரைந்து, அனைவரும் பயன்படுத்தும்படி வெளியிட்ட தொகுப்பு அதுவாக இருந்தது. ஆனால் ஆவடியிலோ பூந்தமல்லியிலோ வாழும் ஒருவருடைய இதயத்தின் எல்லையைக் கணிப்பொறி வரையும்போது, அது இத்தகைய இதயங்களை முன்னர்ப் பார்த்ததுண்டா என்று கேட்பது நம் உரிமை, நம் கடமையுமாகும்.

மேலும், நம் மக்களுள் பெரும்பாலோர் எம்.ஆர்.ஐ. கருவிக்குள் செல்வதில்லை, எக்கோ என்னும் மீயொலிப் படத்தாலேயே அவர்களுடைய இ.எஃப். அறியப்படுகிறது. எக்கோ படம் எம்.ஆர்.ஐ. போலத் தெளிவானதன்று; எல்லைக்கோடும் அங்கே மங்கலானதே. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தினர் 2020இல் 10,030 எக்கோ காட்சிகளைக் கொண்ட தொகுப்பை ஆய்வாளர்களுக்காக வெளியிட்டு, இ.எஃப். கணக்கிடும் கணிப்பொறி முறையையும் அளித்தனர். இத்தகைய தொகுப்பு நம் மருத்துவமனைகளிலிருந்தும் உருவாதல் வேண்டும். நோயாளியின் பெயரும் அடையாளமும் நீக்கப்பட்டு, அவருடைய இசைவுடன், நம் மருத்துவர்களின் கோடுகளோடு அவை திரட்டப்பட வேண்டும்.

மருத்துவரின் இடம்

கணிப்பொறி வந்துவிட்டால் மருத்துவருக்கு வேலை இல்லையோ என்னும் ஐயம் எழக்கூடும். அவ்வாறன்று. ஏ.சி.டி.சி. போட்டியின் முடிவுகளை ஆராய்ந்தவர்கள், சிறந்த முறைகளின் சராசரி மதிப்பெண் வல்லுநர்களுக்கு இடையே உள்ள வேறுபாட்டின் அளவை நெருங்கிவிட்டதாகக் கூறினர். அதே சமயம், இதயத்தின் அடிப்பகுதி அடுக்கிலும் நுனி அடுக்கிலும் பிழைகள் மலிந்திருந்தன. எந்த மருத்துவரும் செய்யாத பிழைகளும் அவற்றுள் இருந்தன. தசைச் சுவர் நடுவில் அறுந்துபோவதும், கீழறை இரு துண்டாவதும் உயிருள்ள இதயத்தில் இயலாதவை. கணிப்பொறியோ அத்தகைய படத்தையும் தயங்காது தந்துவிடும். மருத்துவரின் பிழை ஒரு மில்லிமீட்டர் அளவினது. கணிப்பொறியின் பிழையோ சில வேளைகளில் அறிவுக்கே ஒவ்வாதது.

எனவே கோட்டை விரைந்து வரைவது கணிப்பொறியின் வேலை. அதனைப் பார்த்து ஏற்பதும் திருத்துவதும் மருத்துவரின் வேலை. சிறப்பாக, இ.எஃப். 35 போன்ற வரம்புக்கு அருகில் வரும்போது, அந்த எண்ணை மட்டும் பார்க்காமல், எண்ணைப் பிறப்பித்த கோட்டையும் திரையில் பார்த்தாக வேண்டும். கோட்டைக் காட்டாமல் எண்ணை மட்டும் தரும் கருவி, வழியை எழுதாமல் விடையை மட்டும் எழுதிய கணக்குத் தாளுக்கு ஒப்பாகும்.

முடிவுரை

இதுகாறும் கண்டவற்றால், இதயப் படத்தில் வரையும் கோடு வெறும் கோடன்று, அது சிகிச்சையைத் தீர்மானிக்கும் எண்ணின் பிறப்பிடம் என்பதை அறிந்தோம். ஒளிர்வில் தொடங்கி, பாம்பு வளையம், வடிவ அறிவு, நரம்பு வலைப்பின்னல் எனக் கணிப்பொறி வளர்ந்துள்ளது. இன்று வேகத்தில் மனிதரை வென்றுவிட்டது. ஆனால் அது பார்க்காத இதயத்தை அதனால் நன்கு வரைய முடியாது.

இத்துறையில் இயற்பியல் மாணவர்க்கும், கணித மாணவர்க்கும், விலங்கியல் மாணவர்க்கும் ஒருங்கே இடம் உண்டு. காந்தப் புலத்தை அறிந்தவர், ஃபூரியரை அறிந்தவர், இதயத்தின் அமைப்பை அறிந்தவர் மூவரும் கூடினால்தான் இப்பணி நடக்கும். ஏ.சி.டி.சி. படங்கள் ஆய்வுக்காக இன்றும் கிடைக்கின்றன; யூ-நெட் போன்ற நிரல்களும் அவ்வாறே. வரைபடத் தாளில் கட்டங்களை எண்ணத் தொடங்கும் மாணவர் ஒருவர், நாளை நம் மக்களின் இதயங்களைக் கணிப்பொறிக்குக் கற்பிப்பவராக உயரலாம். அத்தகையோர் நம் கல்லூரியிலிருந்தும் தோன்றுவாராக!